டயல்தான் வாட்ச்: ஒமேகா கான்ஸ்டலேஷன் 'பை-பான்' வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய ஒமேகா கான்ஸ்டலேஷன் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் அதைக் காதில் வைத்துப் பார்க்கிறார்கள். டிக் டிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் ஓட்டம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஓடாத வாட்ச்சை நல்ல ரிப்பேர்க்காரர் ஓட வைத்துவிடுவார். அந்த மெஷின்களுக்கு உதிரி பாகம் இன்றைக்கும் கிடைக்கிறது. ஆனால் மேலே பெயிண்ட் அடித்துப் புதிதாக எழுத்து அச்சடித்த டயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒருவராலும் முடியாது. இந்த வாட்ச்சுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி டயலுக்குத்தான் போகிறது. அதனால் இந்தப் பதிவும் பாதிக்கு மேல் டயலைப் பற்றித்தான்.

வரலாறு சுருக்கமாக. லூயி பிராண்ட் 1848-இல் தொடங்கிய தொழில்தான் பிறகு ஒமேகா ஆனது. நூறாண்டு நிறைவுக்காக 1948-இல் 'சென்டினரி' என்ற ஆட்டோமேட்டிக் குரோனோமீட்டரை, அதாவது துல்லியத்துக்குச் சான்று பெற்ற, கையசைவிலேயே சாவி ஏறும் வாட்ச்சை, வெளியிட்டார்கள். அதற்கு வந்த வரவேற்பைப் பார்த்து, 1952-இல் அதே தரத்தில் தொடர்ந்து தயாரிக்க ஆரம்பித்ததுதான் கான்ஸ்டலேஷன். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு உரிமைச் சிக்கல் இருந்ததால் தொடக்கத்தில் அங்கே 'குளோப்மாஸ்டர்' என்று விற்றார்கள். பின்மூடியில் வானிலை நோக்குக் கூடமும் அதற்கு மேலே எட்டு நட்சத்திரங்களும் உள்ள பதக்கம் இருக்கும். துல்லியப் போட்டிகளில் ஒமேகா பெற்ற வெற்றிகளைக் குறிப்பது அது. டயலில் உள்ள 'அஃபிஷியலி சர்டிஃபைட்' என்ற வரி அலங்காரத்துக்குப் போட்டதில்லை. இன்று குரோனோமீட்டர் சான்றிதழ் தரும் கோஸ்க் அமைப்பு 1973-இல்தான் வந்தது. அதற்கு முன் சுவிஸ் நகரங்களில் இருந்த அதிகாரபூர்வ சோதனை அலுவலகங்களில் மெஷின்களைப் பல நிலைகளில் வைத்து ஓடவிட்டுப் பார்த்துத்தான் சான்று கொடுத்தார்கள்.

'பை-பான்' என்பது டயலின் வடிவத்துக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர். சின்னத் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தது போல நடுப்பகுதி தட்டையாக இருக்கும். ஓரம் பன்னிரண்டு பட்டைகளாக மடிந்து கீழே சரியும். 1950-களிலும் 1960-களிலும் வந்த பல மாடல்களில் இது உண்டு. தேடுகிறவர்களுக்குச் சில மாடல் எண்கள் மனப்பாடமாக இருப்பது நல்லது. 2782 என்பது முந்தைய தலைமுறை; உள்ளே 354 மெஷின். 2852-இல் 501 அல்லது 505. 14381-இல் தேதி கிடையாது, மெஷின் 551. 14393-இல் தேதி உண்டு, மெஷின் 561. 1960-களில் எண் முறை மாறியது: 167.005 என்றால் தேதி இல்லாதது, 168.005 என்றால் தேதி உள்ளது. இந்த எண் பின்மூடியின் உட்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பின்மூடிக்குள் 14381 என்று இருந்து, டயலில் தேதி ஜன்னல் இருந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

முதல் வாட்ச்சாக வாங்குகிறவர்களுக்கு 14381 அல்லது 167.005-ஐத்தான் சொல்வேன். தேதிப் பொறி இல்லாததால் கெட்டுப்போக ஒரு பகுதி குறைவு. டயலும் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கும்.

டயலைப் பார்ப்பது எப்படி

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், அதாவது கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ், ஒன்று கட்டாயம் வேண்டும். வெளிச்சம் நேராக மேலிருந்து விழக்கூடாது. ஜன்னலோரம் நின்று, வாட்ச்சைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி பிடியுங்கள். முதலில் மடிப்புகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சு கொடுத்த தகட்டின் மேல் மிக மெல்லிய பூச்சுதான் இருக்கும். அதனால் பன்னிரண்டு பட்டைகளும் சந்திக்கும் கோடுகள் இஸ்திரி போட்ட வேட்டி மடிப்பு மாதிரி கூர்மையாகத் தெரியும். மறுபூச்சு அடித்தால் பெயிண்ட் அந்த மடிப்புகளில் தேங்கும், கோடு மழுங்கும். வெளிச்சத்தைச் சுழற்றினால் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு ஒளி 'டக்'கென்று தாவ வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சந்தேகப்படுங்கள். பை-பான் டயலுக்கு இதைவிட நம்பகமான ஒற்றைச் சோதனை கிடையாது, ஏனென்றால் எழுத்தை நகலெடுக்கலாம், மடிப்பின் கூர்மையை நகலெடுக்க முடியாது.

அடுத்தது எழுத்து. 'கான்ஸ்டலேஷன்' என்ற சொல் சாய்வான கையெழுத்து வடிவில் இருக்கும். அசலில் பேனாவால் எழுதியது போல ஒரு கோடு மெலிந்து இன்னொரு கோடு தடிக்கும். மறு அச்சில் எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருக்கும். 'e', 'a' போன்ற எழுத்துகளின் உள்வட்டம் மை நிரம்பி அடைந்துபோயிருக்கும். லூப்பில் பார்த்தால் அசல் அச்சின் விளிம்பு சுத்தமாகவும், மை பரப்புக்கு மேலே லேசாகப் புடைத்தும் இருக்கும். வரிகளின் நடுவரிசையையும் பாருங்கள்: 12 மணிக்குக் கீழுள்ள வரிகளும் 6 மணிக்கு மேலுள்ள பெயரும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். மறு அச்சில் அரை மில்லிமீட்டர் விலகல் சாதாரணம்.

நிமிடக் கோடுகள் அடுத்த தடயம். அவை மணிக் கட்டைகளின் (மணியைக் குறிக்கும் சின்னத் துண்டுகளின்) நுனிக்கு நேராக வந்து நிற்க வேண்டும். 1, 2 மணியில் சரியாக வந்து 7, 8 மணிக்குப் போகப் போகக் கோடு கட்டையை விட்டு விலகினால், டயல் மறுபடி அச்சுக்குப் போயிருக்கிறது என்று பொருள். 6 மணியில் இருக்கும் நட்சத்திரம் ஒட்டியது, அச்சடித்ததில்லை. மறுபூச்சுக்காகக் கழற்றித் திரும்பப் பொருத்தும்போது அது சற்றுத் திரும்பிவிடும். அதன் அடியில் பெயிண்ட் வளையம் போலத் தேங்கியிருக்கும். மணிக் கட்டைகளின் ஓரத்திலும் இதே வளையத்தைத் தேடுங்கள்.

டயலின் அடிவிளிம்பில் 'ஸ்விஸ் மேட்' என்று இருக்கும். ஒளிரும் பூச்சாக டிரிட்டியம் வைத்த டயல்களில் அதன் இருபுறமும் 'டி' என்ற எழுத்து வரும். அந்தக் குறி 1960-களில்தான் வந்தது. ஆகவே 1955-ஆம் ஆண்டு மெஷினுக்கு மேலே 'டி' குறியுள்ள டயல் இருந்தால் அது வேறொரு வாட்ச்சின் டயல். கெட்டித் தங்க டயலில் 'ஸ்விஸ் மேட்'டின் இருபுறமும் 'ஓ.எம்.' என்று இருக்கும். இது சாதாரணத் தங்க நிற டயலோடு குழப்பிக்கொள்ளக்கூடாத விஷயம். விலை வேறு ரகம். முள்களும் கட்டைகளும் ஒத்துப்போக வேண்டும்: கட்டைகளின் நடுவே கறுப்பு ஓனிக்ஸ் கல் பதித்திருந்தால் முள்களிலும் கறுப்புக் கோடு இருக்கும்.

விற்பவர் மெஷினை கேஸிலிருந்து (வெளிக்கூட்டிலிருந்து) எடுத்துக் காட்டச் சம்மதித்தால் டயலின் விளிம்பைப் பாருங்கள். பெயிண்டர்கள் டயலைத் திரும்பச் சரியாகப் பொருத்துவதற்காக ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போடுவார்கள். வெளியே தெரியாத அந்த 'வி' வடிவ வெட்டு ஒன்றே போதும், டயல் பெயிண்டருக்குப் போய்வந்தது என்று சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. உலகச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று ஒரு ரகத்தையே தனியாகப் பெயர் வைத்து ஒதுக்குகிறார்கள். பழைய ஸ்விஸ் மெஷினுக்குப் புதுப் பெயிண்ட் டயல், கண்ணைப் பறிக்கும் நிறம், எங்கிருந்தோ எடுத்த கேஸ். இங்குள்ள ரிப்பேர்க்காரர்களின் கைத்திறன் உயர்ந்தது. ஒரு காலத்தில் டயல் மங்கியிருந்தால் அதைப் புதுசாக்கித் தருவதுதான் நல்ல சர்வீஸ் என்று வாடிக்கையாளர்களே எதிர்பார்த்தார்கள். வீட்டுப் பெரியவர் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ வாங்கிவந்த ஒமேகாவை அப்படிப் புதுப்பித்துக் கொடுத்ததில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதே வாட்ச்சை இன்று அசல் டயல் விலைக்கு விற்பது ஏமாற்று.

கடலோரக் காற்றும் வியர்வையும் டயலைப் பாதிக்கத்தான் செய்யும். மேலே உள்ள வார்னிஷ் வெடித்துச் சிலந்தி வலை போலக் கோடு விடும். வெள்ளி நிறம் தேன் நிறமாகும். ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழும். இவையெல்லாம் சீராகவும் எழுத்தைத் தின்னாமலும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். புள்ளி விழுந்த அசல் டயலா, பளபளக்கும் மறுபூச்சா என்று வந்தால் நான் எப்போதும் முதலாவதின் பக்கம்தான்.

கேஸ்

இந்த மாடல்களில் பலவற்றின் கால்கள், அதாவது ஸ்ட்ராப் மாட்டும் லக், நாயின் பின்னங்கால் போல நடுவில் முறிந்து வளையும். அந்த முறிவில் இருக்கும் பட்டை விளிம்புதான் கேஸின் உயிர். பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் இரண்டு முறை கொடுத்தாலே அது சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிடும். நான்கு லக்கையும் பக்கவாட்டில் பார்த்து, ஒன்றின் தடிமனும் இன்னொன்றின் தடிமனும் சமமா என்று ஒப்பிடுங்கள். ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கம்பியான ஸ்பிரிங் பாரின் ஓட்டை லக்கின் ஓரத்துக்கு மிக நெருக்கமாக வந்திருந்தால் அவ்வளவு உலோகம் தேய்ந்து போயிருக்கிறது. பின்மூடிப் பதக்கத்தில் கூடத்தின் கதவு, ஜன்னல், எட்டு நட்சத்திரம் ஆகியவை எண்ணக்கூடிய அளவில் இருக்கின்றனவா பாருங்கள். தழும்பு, கீறல் எல்லாம் இருக்கட்டும். கீறலைப் பொறுத்துக்கொள்ளலாம், காணாமல் போன உலோகத்தைத் திரும்பப் பெற முடியாது.

கெட்டித் தங்கம் என்று சொன்னால் முத்திரையைக் கேளுங்கள். அந்தக் கால ஸ்விஸ் முறையில் 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியா என்னும் பெண் தலை, 14 காரட்டுக்கு அணில். தங்கத் தகடு போர்த்திய 'கேப்' கேஸ் வேறு; அது ஸ்டீலுக்கு மேல் தங்கத் தகடு அழுத்தியது, மின்முலாமை விடத் தடிமனானது. அதில் லக்கின் நுனியில் தகடு தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

சாவி கொடுக்கும் குமிழான கிரவுன் பத்துப் பட்டை உள்ளதாக இருந்தால் நல்லது. அக்ரிலிக் கண்ணாடியின் நடுமையத்தில் கடுகை விடச் சின்னதாக ஒமேகா சின்னம் பொறித்திருக்கும். சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இவை மாறியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை.

மெஷின்

பின்மூடியைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். திறந்ததும் செம்பு நிறத்தில் மின்னும் மெஷின் தெரிய வேண்டும். அதன்மேல் மெஷின் எண்ணும் எட்டு இலக்க சீரியலும் இருக்கும். தோராயமாக 1 கோடியே 30 லட்சம் என்றால் 1952, 1 கோடியே 80 லட்சம் என்றால் 1961, 2 கோடியே 30 லட்சம் என்றால் 1966. ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கலாம். கேஸ் எண்ணின் காலமும் இதுவும் பத்து வருடம் விலகினால்தான் கவலை.

550 வரிசையில் பல மெஷின்கள் உருவத்தில் ஒன்று போலவே இருக்கும். கான்ஸ்டலேஷனில் வர வேண்டியது 551, 561, 564 போன்ற குரோனோமீட்டர் தரம் மட்டும். ஒமேகாவின் இன்னொரு மாடலான சீமாஸ்டரில் வரும் 552, 562, 565-ஐ உள்ளே போட்டு விற்பது மிகப் பழைய தந்திரம். எண்ணைப் பாருங்கள். ஐந்து நிலைகளிலும் வெப்பத்திலும் சரிசெய்தது என்ற பொறிப்பு குரோனோமீட்டரின் அடையாளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் முள் ஒரு ஓரத்துக்கே தள்ளப்பட்டிருந்தால், வேறெங்கோ உள்ள கோளாறை மறைக்க அப்படித் தள்ளியிருக்கிறார்கள்.

இந்த வரிசையின் பலவீனம், கையசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடையான ரோட்டரின் அச்சு. எண்ணெய் வற்றி வருடக்கணக்கில் ஓடினால் அச்சும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேயும், ரோட்டர் தொங்கும், சுற்றும்போது மெஷினின் பாலத் தகட்டையோ பின்மூடியையோ உரசும். பின்மூடியின் உட்பக்கத்தில் வில் போல வளைந்த கீறல் இருக்கிறதா, ரோட்டருக்கு அடியில் பித்தளைத் தூள் இருக்கிறதா பாருங்கள். ரோட்டரின் ஓரத்தைப் பல் குச்சியால் மெல்ல மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். இருந்தால் அச்சும் புஷ்ஷும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

354 மெஷின் வேறு ஜாதி. அதில் எடை முழு வட்டம் சுற்றாது. இரு பக்கமும் சுருள்வில்லில் முட்டித் திரும்பும். மணிக்கட்டைத் திருப்பினால் உள்ளே யாரோ விரலால் தட்டுவது போல 'தொப்' என்று ஒரு அதிர்வு தெரியும். அந்த அதிர்வுக்காகவே இதைத் தேடுகிறவர்கள் உண்டு. முட்டும் இடத்து வில் உடைந்திருந்தால் தட்டல் உலோகச் சத்தமாக மாறிவிடும்.

ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருக்கிற இடத்தில் 551, 561-க்கு வேகம் மணிக்கு 19,800 துடிப்பு என்றும் லிஃப்ட் ஆங்கிள் 49 டிகிரி என்றும் வைக்கச் சொல்லுங்கள். முழுசாகச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கியபடி பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும் வீச்சு 270 டிகிரிக்கு மேல் வந்தால் ஆரோக்கியம். நிமிர்த்தி வைத்தால் 30, 40 டிகிரி குறைவது இயல்பு. 220-க்குக் கீழே போனால் சர்வீஸ் தேவை. கருவி இல்லையென்றால் முழுச் சாவி கொடுத்து அசைக்காமல் வைத்து மணி கணக்கிடுங்கள். 50 மணி நேரம் அளவுக்கு ஓட வேண்டும். 30 மணியில் நின்றால், கொடுத்த சாவியைச் சேமிக்கும் மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அல்லது அந்த ஸ்பிரிங் இருக்கும் பேரலின் உட்சுவரில் தப்பான எண்ணெய் வைத்திருக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் நுனி அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நிறைந்ததும் வழுக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பிடிமானக் கிரீஸ் உண்டு. சாதாரண எண்ணெய் தடவினால் பாதி நிறைவதற்குள்ளேயே வழுக்கிவிடும், எவ்வளவு சாவி கொடுத்தாலும் சீக்கிரம் நிற்கும்.

தேதி மாடலில் ஒரு எச்சரிக்கை. இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதிப் பற்கள் இணைந்திருக்கும். அப்போது 564-இன் விரைவுத் தேதி மாற்றத்தை இழுத்தால் பல் உடையும்.

எல்லாப் பாகமும் ஒமேகா என்பதால் வாட்ச் அசல் என்று ஆகிவிடாது. 2021 நவம்பரில் ஜெனிவா ஏலத்தில் ஒமேகாவின் 1950-களின் ஸ்பீட்மாஸ்டர் மாடல் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். அது பல இடத்துப் பாகங்களைக் கூட்டிச் சேர்த்த வாட்ச் என்று 2023-இல் ஒமேகாவே அறிவித்தது. முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் தொடர்பு இருப்பதாகவும் சொன்னது. அதனால் பத்திரம், பெட்டி, விற்பவரின் நல்ல பேச்சு மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு டயல், கேஸ், மெஷின் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று நீங்களே ஒப்பிடுங்கள்.

வாங்கிய பிறகு

கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று தெரியாவிட்டால், கட்டிக்கொண்டு திரிவதற்கு முன் சர்வீஸ் கொடுத்துவிடுங்கள். காய்ந்த எண்ணெய் பசையாகி, அதில் தூசி சேர்ந்து, உப்புத்தாள் மாதிரி அச்சுகளைத் தின்னும். கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டியவை: டயலைத் துடைக்கக்கூடாது, கேஸைப் பாலிஷ் போடக்கூடாது, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். டயலை ஈரப் பஞ்சால் ஒரு தரம் துடைத்தாலே 'ஸ்விஸ் மேட்' போய்விடும். பழைய அச்சு அவ்வளவு பலவீனமானது. வாய்ப்பேச்சாகச் சொன்னால் பட்டறைப் பையன் வழக்கப்படி பஃப் போட்டுவிடுவான். பழைய கிரவுனையும் கண்ணாடியையும் சின்னப் பையில் போட்டு, மாற்றிய தேதியை எழுதி வையுங்கள்.

தண்ணீர் அருகே வேண்டாம், கை கழுவும்போதும் கழற்றுங்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட் பிசினாகியிருக்கும். புதியது போட்டாலும் தேய்ந்த கிரவுன் குழாய் வழியாக ஈரம் ஏறும். நம் ஊர் வெயிலில் தோல் ஸ்ட்ராப்பில் ஊறிய வியர்வை பின்மூடியின் ஓரத்தில் உப்பாகத் தங்கி ஸ்டீலையே குழி விழச் செய்யும். கோடையில் 18 மில்லிமீட்டர் பெர்லான் (நைலான்) பின்னல் ஸ்ட்ராப் போட்டுக்கொண்டு, மாலையில் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது போதும். ஸ்பிரிங் பார்களை வாங்கிய அன்றே புதிதாக மாற்றுங்கள். சில ரூபாய்ப் பொருள் அறுந்து வாட்ச் தரையில் விழுந்தால் பேலன்ஸ் அச்சு போய்விடும்.

வைக்கும் பெட்டியில் பழைய ஃபோம் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது கரைந்து டயலைக் கறுக்க வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் பருத்தித் துணியும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்; நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுங்கள். திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தால் முதலில் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பைப் பூட்டு எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் ஓட்டம் எகிறுகிறது. எந்த ரிப்பேர்க் கடையிலும் இருக்கும், காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசரில் வைத்து எடுத்தால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். அதற்காக மெஷினைப் பிரிக்க விடாதீர்கள்.